மூணு இருபது வண்டி

பிற்பகல் மூன்று மணிக்கு மேல் ஒரகடம் கூட்டுரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிற யாருக்கும் அறிவுமதியைத் தெரியும். கார்களுக்கு வயர்க்கட்டு செய்கிற கம்பெனி ஒன்றில் அவளுக்கு இன்ஸ்பெக்‌ஷன் மேசையில் வேலை. வயது முப்பத்திரண்டு, நல்ல உயரம். யூனிஃபார்ம் கோட்டைக் கழற்றிப் பையில் திணித்துக்கொண்டு, சுடிதாரோடு ஸ்டாப்பிங்கில் வந்து நின்றால் கண் ரோட்டை விட்டு நகராது. தூரத்தில் கியர் மாறுகிற சத்தத்தைக் கேட்டே, வருகிறது எந்தப் பணிமனை வண்டி, இன்ஜினுக்கு எத்தனை வயது என்று சொல்லிவிடுவாள்.

அறிவுமதி என்ற பெயர் அவளுடைய அப்பா கன்னியப்பன் வைத்தது. பத்தொன்பது வயதில் வீட்டை விட்டுப் போய்ச் சென்னையில் திருநங்கைகளோடு சேர்ந்தபோது, புதுப்பெயர் ஒன்று வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். “கீற பேரே நல்லாத்தான கீது? ஆம்பளைக்கும் செல்லும், பொம்பளைக்கும் செல்லும்” என்று மறுத்துவிட்டாள்.

பஸ் மேல் பைத்தியம் பிடித்தது அந்தச் சென்னை வருஷங்களில்தான். கடையில் நின்றால் நகரச் சொன்னார்கள். பார்க்கில் உட்கார்ந்தால் எழுப்பிவிட்டார்கள். பஸ்ஸில் டிக்கெட் எடுத்துவிட்டால் கடைசி ஸ்டாப்பிங் வரை எழுப்ப எவனுக்கும் உரிமை கிடையாது. பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து போனார்கள், அது உண்மைதான். அவளும் எழுந்து இன்ஜின் பக்கமாகப் போய் டிரைவரிடம் பேச்சுக் கொடுப்பாள். பிரேக், ஸ்பிரிங், சிங்கிள் டிரிப், டிரைவர் கண்டக்டர் மாறிக்கொள்கிற ஸ்பெல், பாடி எங்கே கட்டியது என்று எல்லாம் அப்படிக் கற்றதுதான். இந்தப் பக்கமே வேலை கிடைத்துத் திரும்பி வந்தபோது, வாலாஜாபாத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் வரை ஓடுகிற அத்தனை வண்டியும் அவளுக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டிருந்தன.

போனில் ‘டபுள் விசில்’ என்று ஒரு குழு. பஸ் ரசிகர்கள் நானூறு பேருக்கு மேல். வண்டியின் படம் போடுவார்கள், நேரம் போடுவார்கள், எந்த ரூட்டில் எந்த வண்டி மாறியது என்று சண்டை போடுவார்கள். அறிவுமதி மூன்று வருஷமாக அதில் இருந்தாள். தன்னை யார் என்று அவள் சொல்லவும் இல்லை, ஒருவரும் கேட்கவும் இல்லை. ‘தல’ என்றார்கள், ‘நண்பா’ என்றார்கள். பஸ்ஸைப் பற்றிப் பேசுகிற இடத்தில் அதெல்லாம் விசில் சத்தம் மாதிரி, காதில் விழுந்து போய்விடும்.

எல்லாம் ஒரு கண்ணாடியால் கெட்டது.

புதிதாகப் பாடி கட்டி வந்த வண்டி ஒன்று மே மாதம் ஒரகடத்தில் நின்றது. அப்போதுதான் கழுவியிருந்தார்கள், பளபளவென்று மின்னியது. ஆசையோடு நாலு படம் எடுத்துப் போட்டாள். இரண்டாவது படத்தில், பக்கக் கண்ணாடியில், போனைத் தூக்கிப் பிடித்தபடி அவள் தெரிந்தாள். யாரோ அதைப் பெரிதாக்கி, வட்டம் போட்டு, “கண்ணாடியில யாருப்பா இது?” என்று கேட்டார்கள்.

அறிவுமதி மறைக்கிற ஆள் இல்லை. “நான்தான். திருநங்கை. அத்த வுடுங்க, பின்பக்க சஸ்பென்ஷன பாருங்க, புது டைப்” என்று எழுதிவிட்டு மதிய ஷிப்டுக்காரர்களுக்கு மேசையை ஒப்படைக்கப் போனாள். போனை மறுபடி எடுத்தபோது இருநூற்றுப் பதினாறு மெசேஜ். சஸ்பென்ஷனைப் பற்றி ஒன்றுகூட இல்லை.

வாலாஜாபாத்தில் செல்போன் கடை வைத்திருக்கிற சக்திகுமார் எழுதியிருந்தான்: “இது பஸ் குரூப். இந்த அரசியல் எல்லாம் இங்க வேணாம். அவன் வேணும்னே சொல்லாம இருந்துட்டு இப்ப சொல்றான்.” சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்றில் இருக்கும் நிலவன் அவனோடு மல்லுக்கு நின்றான். “தோழர் அறிவுமதியிடம் எல்லோரும் மன்னிப்புக் கேட்க வேண்டும். இனி ஒவ்வொருவரும் பெயருக்குப் பக்கத்தில் அவர்/அவள்/அவன் போட வேண்டும்.” குழுவின் முகப்புப் படத்தில் இருந்த பச்சை பஸ்ஸுக்கு வானவில் வர்ணம் அடித்து மாற்றியும் விட்டான். இரண்டு பேர் குழுவை விட்டுப் போனார்கள். போனவர்களைத் திட்டி நாற்பது மெசேஜ்; திட்டியவர்களைத் திட்டி இன்னொரு நாற்பது.

மறுநாள் நிலவன் ஒரு வாக்கெடுப்பு வைத்தான். “அறிவுமதியை நாம் எப்படி அழைக்க வேண்டும்?” அண்ணா, அக்கா, தோழர், பெயர் மட்டும் என்று நாலு கட்டம். கேன்டீனில் சாம்பார் சாதத்துக்கு நடுவே அதைப் பார்த்த அறிவுமதி தட்டைத் தள்ளி வைத்தாள்.

“என்னக்கா, மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு?” என்றாள் எதிரே உட்கார்ந்திருந்த மாரிசெல்வி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து லேடீஸ் ஹாஸ்டலில் தங்கி அதே லைனில் வேலை செய்கிறவள்.

அறிவுமதி போனைத் திருப்பிக் காட்டினாள். “பாரு. எனக்கு எலெக்‌ஷன் வெச்சிகீறான்.”

மாரிசெல்வி படித்துவிட்டு, “அக்காதான் ஜெயிக்கு. நூத்தி முப்பது ஓட்டு” என்றாள்.

“நான் யாருன்னு நூத்தி முப்பது பேரு ஓட்டுப் போட்டுச் சொல்லணுமா? நாளைக்கு எண்பது பேரு மாத்திப் போட்டா, நான் மாறிக்கணுமா?”

“அந்தப் பையன் நல்ல மனசோடதான வச்சிருக்கான்?”

“நல்ல மனசுதான். யாரு இல்லன்னது? ஆனா அவன் வாயத் தொறந்தா நானு, இவன் வாயத் தொறந்தா நானு. மூணு வருஷமா பஸ்ஸப் பத்திப் பேசிகினு இருந்தேன்டி. இப்ப நானே பஸ்ஸு ஆயிட்டேன். ஆளாளுக்கு ஏறி எறங்குறானுங்க.”

சண்டை ஓயாததால் குழுவின் அட்மின் வசந்தகுமார் ஒரு வழி கண்டுபிடித்தார். ரிட்டயர்டு ஆசிரியர், சண்டை என்றாலே நெஞ்சு படபடக்கிற மனிதர். ‘டபுள் விசில் – தோழிகள்’ என்று தனிக்குழு ஒன்றைத் தொடங்கி அறிவுமதியை அதில் சேர்த்தார். பெரிய குழுவில் வேறு பெண்களே கிடையாது. ஆகவே தோழிகள் குழுவில் இருந்தது இரண்டு பேர்: அறிவுமதியும், அட்மின் என்பதால் வசந்தகுமாரும்.

“சார், இந்த வண்டில டிரைவரு கீறாரு, கண்டக்டரு நான் கீறேன். பாசஞ்சர் எங்க?” என்று எழுதினாள்.

“உனக்கு மரியாதையா ஒரு இடம் இருக்கட்டும்னுதாம்மா” என்று பதில் வந்தது.

“எனக்கு ஏற்கெனவே ஒரு சீட்டு கீது சார். அதுலதான் உக்காருவேன்.” எழுதிவிட்டு அந்தக் குழுவை விட்டு வெளியே வந்தாள். பெரிய குழுவை விட்டுப் போகவில்லை. போகச் சொல்லி நாலு பேர் எழுதியிருந்தார்கள் என்பதற்காகவே போகவில்லை.

அவள் இருந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. மூன்று மாதமாக ஒரு வேலையில் இறங்கியிருந்தாள். வாலாஜாபாத்திலிருந்து இரண்டு இருபதுக்குக் கிளம்புகிற வண்டி ஒரகடத்துக்கு இரண்டு ஐம்பத்தைந்துக்கு வரும். முதல் ஷிப்ட் விடுவதோ மூன்று மணிக்கு. கார்டு தேய்த்து, கேட்டில் பையைச் சோதித்து, ரோட்டுக்கு வர மூன்று பத்து ஆகிவிடும். வண்டி போய்ப் பதினைந்து நிமிஷம் ஆகியிருக்கும். அடுத்தது நாலு பத்துக்கு. நடுவில் ஷேர் ஆட்டோவில் மடி மேல் மடியாக உட்கார்ந்து சிங்கப்பெருமாள் கோவில் ரயிலுக்குப் போகும் பெண்களைத் தினமும் பார்த்தாள். வண்டி தவறியவர்களை நாள்வாரியாக எண்ணி எழுதினாள். வண்டியில் எத்தனை சீட் காலியாகப் போகிறது என்பதையும், ஷிப்ட் மாறுகிற வாரங்களில் ஆள் வைத்து எண்ணினாள். அந்த ஆள், நைட் ஷிப்ட் வாரங்களில் பகலில் ஓய்வாக இருந்த மாரிசெல்விதான்.

அந்தப் பட்டியலைக் குழுவில் போட்டாள். நிலவன் முதல் ஆளாக வந்தான். “தோழரின் போராட்டத்துக்கு வாழ்த்துகள்!” கைதட்டல்கள், இதயங்கள். ஒருவரும் பட்டியலைத் திறந்த மாதிரித் தெரியவில்லை.

சாயங்காலம் சக்திகுமாரிடமிருந்து குழுவில் ஒரு மெசேஜ் வந்தது. “கணக்குல தப்பு இருக்கு. கிருத்திகை நாள்ல வல்லக்கோட்டை திருப்பத்துல கோயில் கூட்டம். வண்டி ஒரகடத்துக்கு மூணேகாலுக்குத்தான் வரும். அந்த நாளையும் சேர்த்து ஆவரேஜ் போட்டிருக்கான்.”

அறிவுமதி நோட்டை எடுத்துப் புரட்டினாள். உண்மைதான். மூன்று கிருத்திகைகள். மூன்று நாளும் வண்டி லேட். மூன்று நாளும் ஸ்டாப்பிங்கில் ஆளே மிச்சமில்லை; ஐம்பத்தொன்று, நாற்பத்தேழு, ஐம்பத்து மூன்று பேர் ஏறிப் போயிருக்கிறார்கள். அவள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, நோட்டை மடியில் போட்டுத் தொடையில் தட்டினாள். இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்? வண்டி இருபது நிமிஷம் பிந்தி வந்தால் நிரம்புகிறது என்பதை முருகனே மூன்று முறை ஓட்டிக் காட்டியிருக்கிறார்.

குழுவில் எழுதினாள்: “சக்திகுமார் சொன்னது கரெக்ட். மாத்திட்டேன். கணக்குல தப்பு கண்டுபுடிச்சதுக்கு நன்றி. ‘அவன்’னு சொன்னதுக்கு நன்றி கிடையாது. அது உன் கணக்குல தப்பு, நீ மாத்து.”

 எழுதி முடித்ததும் அறிவுமதிக்கு ஒரு விசித்திரமான எரிச்சல் வந்தது. தன்னை மனுஷியாக ஒத்துக்கொள்ளாதவன் தன் கணக்கை வரி விடாமல் படித்திருக்கிறான். தனக்காகக் கழுத்து நரம்பு புடைக்கக் கத்துகிறவன் ஒரு வரி படிக்கவில்லை. இரண்டு பேரையும் நிற்க வைத்து அடிக்க வேண்டும் என்று மாரிசெல்வியிடம் சொன்னாள்.

பணிமனை மேனேஜரைப் பார்த்து மனு கொடுப்பது என்று குழு முடிவு செய்ததும் சண்டை மறுபடி பற்றிக்கொண்டது. சக்திகுமார், “நாலு பேர் பாண்ட் சட்டையோட போனா மதிப்பாங்க. அது வந்தா ஆபீசர் மூஞ்சியத்தான் பார்ப்பாரு, மனுவ பார்க்க மாட்டாரு” என்றான். அவன் என்பது அது என்று ஆகியிருந்தது. நிலவன், “தோழர்தான் முன்னால் நிற்க வேண்டும். ஒரு யூடியூப் சேனலிடம் பேசிவிட்டேன். திருநங்கை கொடுக்கும் முதல் பேருந்து மனு என்று போடுகிறார்கள்” என்றான். சனிக்கிழமை போவது என்று நாள் குறித்தார்கள். அறிவுமதியைக் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவளுக்கு வாராந்தர விடுப்பு. மாரிசெல்வியை லீவு போடச் சொன்னாள்.

“எங்கக்கா போறோம்?”

“டிப்போக்கு.”

“நாளைக்குல்லா எல்லாரும் போறாவ?”

“எண்ணுனது நீயும் நானும். நாமதான் போவோம்.”

ஸ்டாப்பிங்கில் நின்று வாங்கிய இருநூற்றுப் பதினாலு கையெழுத்து, திருத்திய பட்டியல், ஒரு பக்க மனு. அறிவுமதி கஞ்சி போட்டு அயர்ன் பண்ணிய காட்டன் புடவை கட்டிக்கொண்டாள். வாசலிலேயே செக்யூரிட்டி, “இங்கல்லாம் வசூல் பண்ணக் கூடாது” என்றான். “வசூல் பண்ண வரல. வண்டி கேக்க வந்தேன்” என்று சொல்லி அவன் வாய் மூடுவதற்குள் உள்ளே போய்விட்டாள்.

மேனேஜர் ஐம்பது வயதுக்காரர். மேசை முழுக்க ட்யூட்டி சார்ட். அவளை ஏற இறங்கப் பார்த்தார். “சொல்லும்மா. எந்தச் சங்கம்?”

“சங்கம் இல்ல சார். ஸ்டாப்பிங்.”

“உங்க ஆளுங்களுக்கு எதாச்சும் உதவி வேணும்னா திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு வாங்குவாங்க. இங்க பஸ் மட்டும்தான்.”

“பஸ் மட்டும்தான் சார் நானும் கேக்கறேன். வூடு கேக்கல, பட்டா கேக்கல. வாலாஜாபாத்ல ரெண்டு இருபதுக்கு எடுக்கற வண்டிய ரெண்டு நாப்பத்தஞ்சுக்கு எடுங்க. ஒரகடத்துக்கு மூணு இருபதுக்கு வரும்.”

அவர் சிரித்தார். “வண்டிய தள்றது அவ்ளோ சுலுவா? பின்னாடி ட்ரிப் எல்லாம் தள்ளும். க்ரூ ரெஸ்ட் பாக்கணும்.”

“தள்ளாது சார். அது சிங்கபெருமாள் கோயிலுக்கு மூணு இருபத்தஞ்சுக்குப் போவுது. திரும்பி எடுக்கறது நாலு அஞ்சு. நாப்பது நிமிஷம் சும்மா நிக்குது. இருபத்தஞ்சு நிமிஷம் தள்ளுனாலும், டீ குடிக்கப் பதினஞ்சு நிமிஷம் மிச்சம் கீது. வாலாஜாபாத்துக்கு வண்டி ஒண்ணு ஐம்பதுக்கே வந்துடும். சாப்பாட்டுக்கு இப்ப அரை மணி. இனிமே ஐம்பத்தஞ்சு நிமிஷம். க்ரூவுக்கு நல்லதுதான் சார், நான் கேட்டுட்டேன்.”

மேனேஜர் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்தார். பட்டியலை வாங்கினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். கிருத்திகை நாட்களைத் தனியாகக் கட்டம் போட்டு எழுதியிருந்த இடத்தில் அவர் விரல் நின்றது.

“இது யாரு எழுதினது?”

“நான்தான். இந்தப் பொண்ணும் எண்ணுச்சு.”

“ஆமா சார், மழையில நின்னு எண்ணுனோம்” என்றாள் மாரிசெல்வி.

அவர் நேரக் காப்பாளரைக் கூப்பிட்டு, சிங்கப்பெருமாள் கோவில் நேரத்தைக் கேட்டார். அவள் சொன்னது ஒரு நிமிஷம் பிசகவில்லை. பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, “டிபார்ட்மென்ட்ல முன்ன வேலை பாத்தியா?” என்றார்.

“இல்ல சார். ரசிகை.”

“பதினஞ்சு நாள் ட்ரயலுக்கு மேலிடத்துக்கு எழுதறேன். கலெக்‌ஷன் வந்தா பாக்கலாம். வரலன்னா பழைய டைம்தான்.” மனுவில் கையெழுத்து வாங்கினார். அறிவுமதி தன் பெயரை முழுதாக எழுதினாள். பெயருக்குப் பக்கத்தில் வேறு எதுவும் போடவில்லை.

மனு கொடுத்தாயிற்று என்று அவள் குழுவில் எழுதியதும் சனிக்கிழமைப் பயணம் கைவிடப்பட்டது. அடுத்த வாரம் திங்கட்கிழமை மூன்று இருபதுக்கு வண்டி வந்தது. யாரும் மாலை போடவில்லை, பட்டாசு வெடிக்கவில்லை. பெண்கள் முண்டியடித்து ஏறினார்கள். சீட் பிடித்தவர்கள் பிடிக்காதவர்களின் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்கள். ஐம்பத்தாறு பேர். அறிவுமதி படியில் நின்றபடியே எண்ணினாள். “உள்ள போம்மா, எண்ணுனது போதும்” என்று கண்டக்டர் அதட்டினார். அந்த அதட்டல் அவளுக்குப் பிடித்திருந்தது. மற்றவர்களை அதட்டுகிற அதே குரல்.

அன்று சாயங்காலமே நிலவன் அவள் புகைப்படத்தைத் தன் பக்கத்தில் போட்டு, ‘திருநங்கை போராடி வென்ற பேருந்து’ என்று எழுதிவிட்டான். அறிவுமதி அவனுக்குப் போன் போட்டாள்.

“தம்பி, அத்த எடு.”

“தோழர், அது உங்களுக்கான அங்கீகாரம். நாலாயிரம் பேர் பார்த்திருக்காங்க.”

“நாலாயிரம் பேருல எத்தினி பேரு வண்டி நேரத்த கேட்டான்?”

அவன் லைக் கணக்கைச் சொல்லத் தொடங்கினான், அவள் இடைமறித்தாள்.

“நீ என் லிஸ்ட்ட படிச்சியா?”

“முழுசா படிக்கல” என்றான்.

“நான் திருநங்கைன்றது எனக்கு வெக்கம் இல்ல. அத்த மறைக்கவும் சொல்லல. அதுக்காக ரோட்டுல அடி வாங்கிகீறேன், போலீஸ் ஸ்டேஷன்ல உக்காந்துகீறேன். நீ எனக்கு சொல்லிக் குடுக்க வேணாம். ஆனா மூணு மாசம் வெயில்ல நின்னு எண்ணுனனே, அது திருநங்கை எண்ணுனது இல்லடா. பஸ் பைத்தியம் எண்ணுனது. அந்த ஒரு எடத்துலதான் நான் எதுக்கும் பதில் சொல்லாம இருந்தேன். அதையும் புடுங்கி போஸ்டர் ஒட்டறியே?”

“நான் உங்க பக்கம்தான் தோழர்” என்றான் அவன், குரல் தாழ்ந்து.

“என் பக்கம் நிக்கறதுன்னா ஸ்டாப்பிங்ல வந்து நில்லு.”

அரை மணி நேரத்தில் அந்தப் பதிவு போய்விட்டது. அவன் கோபித்துக்கொண்டானா, புரிந்துகொண்டானா என்று அறிவுமதி கேட்கவில்லை. குழுவின் முகப்பில் மட்டும் பச்சை பஸ் திரும்பி வந்திருந்தது.

சக்திகுமாரைக் குழுவை விட்டு நீக்கலாமா என்று வசந்தகுமார் தனியாகக் கேட்டார். வேண்டாம் என்றாள். “அவனுக்கு ரூட்டு தெரியும் சார். ஆனா நானும் ஒண்ணு எழுதறேன், அத்த அழிக்காதீங்க.” அன்று குழுவில் அவள் எழுதியது இதுதான்:

“எல்லாருக்கும் ஒரு தடவை சொல்றேன், ரெண்டாவது தடவை சொல்ல மாட்டேன். நான் பொம்பள. அதுல ஓட்டெடுப்பு கிடையாது, விவாதம் கிடையாது, விழாவும் கிடையாது. ‘அவன்’, ‘அது’ன்னு எழுதறவனுக்கு என்கிட்டருந்து ஒரு டைமிங்கும் கிடைக்காது. என்னைப் பாராட்டணும்னு வர்றவங்க முதல்ல லிஸ்ட்ட படிச்சிட்டு வாங்க. நான் இங்கதான் இருப்பேன். கஷ்டமா இருக்கறவங்க இறங்கிக்கலாம், வண்டி நிக்கும்.”

ஏழு பேர் இறங்கினார்கள். சக்திகுமார் இறங்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவன் எழுதுகிறபோதெல்லாம் அவளைக் குறிக்க வேண்டிய இடத்தைத் தாண்டிக் குதித்து, ‘ஒரகடத்துலேர்ந்து வந்த தகவல் சரி’ என்கிற மாதிரி எழுதினான். அறிவுமதி அதற்குப் பதில் கொடுப்பதில்லை. குதித்துத் தாண்டுகிறவனுக்குக் கால் வலித்தால் ஒரு நாள் நடந்து வரட்டும். அதுவரை காத்துக்கொண்டிருக்க அவள் ஒன்றும் வேலை இல்லாதவள் அல்ல.

பதினைந்து நாள் ட்ரயல் ஒரு மாதமாக நீண்டது. வாலாஜாபாத் நிலையத்தில் நேரப் பலகையில் இன்னும் இரண்டு இருபது என்றே இருக்கிறது. வண்டி இரண்டு நாற்பத்தைந்துக்குத்தான் கிளம்புகிறது. பலகையை மாற்ற மேலிடத்து உத்தரவு வர வேண்டுமாம். அறிவுமதி இரண்டு முறை போய்க் கேட்டுவிட்டாள், மூன்றாவது முறையும் போவாள்.

இப்போது அவளும் மாரிசெல்வியும் காலை வண்டியை எண்ணத் தொடங்கியிருக்கிறார்கள். முதல் ஷிப்டுக்கு வருகிற பெண்கள் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கி ஓடி வருவதற்குள் அதுவும் கண்ணெதிரே கிளம்பிப் போகிறது. ஏழு நிமிஷம்தான் வித்தியாசம்.